சூளகிரிக்கு முன்னால் மூன்றாவது கோடு

சிங்காரப்பேட்டையிலிருந்து ஓசூருக்கு ஏறத்தாழ நூற்றுப் பத்து கிலோமீட்டர். காலை ஒன்பது மணிக்கு நானும் தங்கை கவிதாவும் பைக்கில் கிளம்பினோம். ஓசூரில் ஒரு கம்பெனியில் அவளுக்கு நேர்காணல். மதியம் இரண்டு மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். போன மாதம் இன்னொரு வேலைக்குப் போனபோது பஸ் பழுதாகி, மூடிய கேட்டைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே திரும்பினாள். "இந்தத் தடவ நான் கொண்டுபோய் விடறேன், ஓட்ட பஸ்ஸ நம்பாத" என்று வாய்ச்சவடால் அடித்தது நான்தான்.

வாய் விட்ட நேரமோ என்னவோ, மத்தூர் தாண்டுவதற்குள் பின் டயர் பஞ்சர். கடைவரை தள்ளிக்கொண்டு போனோம். ஒட்டி முடித்துச் சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது, சீக்கிரம் முடியட்டுமே என்று நானும் கைகொடுத்தேன். சக்கரத்தின் அச்சு நிற்கும் இடத்தில் இரண்டு பக்கமும் ஆறாறு கோடுகள் உண்டு. இரு பக்கமும் ஒரே கோட்டில் நின்றால்தான் சக்கரம் நேராக ஓடும். கடைக்காரர் செயின் பக்கம் உட்கார்ந்தார், நான் பிரேக் பக்கம் குந்தினேன்.

"இங்க மூணாவது கோடு சார். உங்க பக்கம்?"

"மூணேதான். முறுக்குங்க."

கிருஷ்ணகிரி தாண்டி நெடுஞ்சாலையில் வேகம் எடுத்ததும் வண்டி ஒரு பக்கமாக இழுக்க ஆரம்பித்தது. எங்கள் ஊரில் வண்டி கோணினால் வரப்பில் விழுவோம், மண்ணைத் தட்டிக்கொண்டு எழுவோம். இங்கே பக்கத்தில் போவதெல்லாம் பதினாலு சக்கர லாரி.

"அண்ணா, வண்டி நண்டு மாதிரி போவுது. நிறுத்து."

"காத்து அடிக்குது. கம்முனு உக்காரு."

"காத்தா? மரத்துல ஒரு எலை ஆடல. என்னை எறக்கிவுட்டுட்டு நீ காத்தோட போ."

சூளகிரிக்கு முன்னால் ஒரு டீக்கடையோரம் நிறுத்தினேன். மணி பன்னிரண்டரை. செயின் ஓரமாக உரசிக் கரகரத்தது. மத்தூர்க்காரரை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். டீ குடித்துக்கொண்டிருந்த லாரி ஓட்டுநர் ஒருவர், தெலுங்கு கலந்த தமிழில் அதட்டினார்.

"ஏமப்பா, இங்க இல்லாதவன திட்டி என்னா பிரயோஜனம்? ஸ்பேனர் தரேன், அவுத்துப் பாரு."

கவிதா செயின் பக்கம் குனிந்தாள். "இங்க முன்னாடி இருந்து மூணு. அங்க?"

"மூணு."

சுற்றி வந்து பார்த்தாள். "இதா மூணு? நாலு வருதே! நீ எங்கிருந்து எண்ணுறே?"

பின்னாலிருந்து. போச்சம்பள்ளிக் கம்பெனியில் நான் வேலை பார்க்கும் லைனில், ட்ரேயில் எதை எண்ணினாலும் நம் உடம்பை ஒட்டிய ஓரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். மத்தூரில் வண்டியின் வால் பக்கம் குந்தியிருந்தேன். கண் பழக்கப்படி வால் பக்கத்திலிருந்தே எண்ணிவிட்டது.

"இன்னாண்ணா, இது உங்க கம்பெனி ட்ரேயா?" என்றாள். ஓட்டுநர் சிரித்த சிரிப்பில் டீ லுங்கியில் சிந்தியது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னொரு கேட்டும் மூடினால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்? அச்சு நட்டைத் தளர்த்தி, அச்சைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும் என் பக்கத்துத் திருகையும் தளர்த்தி, சக்கரத்தை முன்னால் தட்டினேன். அவள் முன்னாலிருந்து எண்ணிச் சொன்ன கோட்டில்தான் அச்சை நிறுத்தினேன். ஓட்டுநரும் ஒரு கை போட்டு நட்டை இறுக்கினார். செயினை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுச் சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். உரசல் சத்தமே இல்லை. பிரேக்கும் பிடித்தது. அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினோம்.

வண்டி வகிடு எடுத்தாற்போல நேராக ஓடியது. இரண்டடிக்கக் கால் மணி இருக்கும்போது கவிதா கேட்டுக்குள் ஓடினாள். அப்பாடா! அங்கேயே மரத்தடியில் நீட்டிப் படுத்துவிட்டேன்.

சாயங்காலம் யாரோ காலைத் தட்டினார்கள். கவிதாதான், வாயெல்லாம் பல்.

"திங்கக்கெழமை வேலைக்கு வரச் சொல்லிட்டாங்கண்ணா!"

கண் கலங்கிவிட்டது, தூசி என்று சொல்லிச் சமாளித்தேன். வண்டியைக் கிளப்பினேன். அவள் ஏறவில்லை. புதுச் சுடிதார் மண்ணில் புரளக் குந்தி, இந்தப் பக்கம் எண்ணினாள், அந்தப் பக்கம் எண்ணினாள்.

"முன்னாடி இருந்து மூணு. ரெண்டு பக்கமும்," என்றாள். "இப்ப போலாம்."