மெர்லின் மலையேற்றிய போர்டுகள்

கள்ளக்குறிச்சிக்கு வெளியே இருந்த ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மெர்லின் லேப் டெக்னீஷியனாக வேலை பார்த்தாள். கல்லூரி செழிப்பாக இருந்த காலத்தில் ‘சூப்பர் கம்ப்யூட்டர் ஆய்வகம்’ என்று பலகை மாட்டி, ஒரு மேசை நிறையக் குட்டிக் கணினிகளை வாங்கி வைத்தார்கள். ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு பச்சைப் போர்டு. அதிலிருந்த ஒரு சில்லுக்குள் பதினாறு சின்ன மூளைகள். அது எதற்கு என்று கேட்கும் மாணவர்களுக்கு மெர்லின் நடவைச் சொல்லித்தான் விளக்குவாள். ஒருத்தி இறங்கி நட்டால் பொழுது சாய்ந்துவிடும், பதினாறு பேர் வரிசையாக இறங்கினால் கஞ்சி வேளைக்கு முன்னால் கரையேறிவிடலாம்.

திறப்பு விழாவன்று எல்லாப் போர்டுகளும் விளக்கெரிய ஓடின. சிறப்பு விருந்தினர் பேசி முடிப்பதற்குள் சூடேறி ஒவ்வொன்றாக அணைந்துபோயின. பேச்சு நீளம் என்பதும் ஒரு காரணம். அதற்குப் பிறகு யாரும் அவற்றைத் தொடவில்லை. சில ஆண்டுகளில் அவற்றைச் செய்த வெளிநாட்டுக் கம்பெனியும் தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஒரு நல்ல காரியம் செய்திருந்தார்கள்: போர்டின் வரைபடத்தையும் நிரல்களையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று முதலிலேயே திறந்து வைத்திருந்தார்கள். எடுத்துக்கொள்ளத்தான் ஆளில்லை.

மாணவர் சேர்க்கை குறைந்து, மெர்லினின் துறையை மூடினார்கள். கடைசி நாளில் பழைய இரும்புக்காரர் போர்டுகளை அரிசிச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார். மெர்லின் மேலாளரிடம் போய்க் கேட்டாள். அவருக்கு அது ஒரு விஷயமே இல்லை, எடுத்துக்கொள்ளச் சொன்னார். அன்று அவளுக்கு ஒரு சால்வையும் அந்தச் சாக்கும் கிடைத்தன. சால்வை இப்போது எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரியாது.

அவள் கணவன் சேவியர்ராஜ் மலைமேல் இருக்கும் கரியாலூருக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டர். சாக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “ஓடாததுன்னுதான குடுத்துட்டாங்க?” என்றான்.

“ஓடும். சூடாவுது, அவ்ளோதான்.”

“ஓடி இன்னா பண்ணும்?”

அவள் சாக்கைத் திரும்பக் கட்டினாள். இனி அவளுக்குக் காலை எட்டரைக்குப் புறப்பட்டுப் போக ஓர் இடம் இல்லாமல் இருந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்ததற்கு உண்மையான காரணம் அதுதான்.

வேலையை அவள் ஒழுங்காகத் தொடங்கினாள். கம்பெனியின் இணையப் பக்கம் அழிந்திருந்தது. அந்தப் போர்டைப் பற்றிப் பேசுகிறவர்களின் குழு ஒன்று ஏதோ மூலையில் உயிரோடு இருந்தது. மெர்லின் அதில் ஒரு கேள்வி போட்டாள். மூன்று வாரம் கழித்து நார்வேயிலிருந்து ஒருவர் பதில் எழுதினார். தான் மட்டும்தான் மிச்சம் என்று நினைத்துக்கொண்டிருந்ததாக எழுதியிருந்தார். அவர் தன்னிடமிருந்த வரைபடம், நிரல் எல்லாவற்றையும் அனுப்பிவைத்தார். போர்டு சூடாவதற்கு என்ன செய்கிறீர்கள் என்று மெர்லின் கேட்டதற்கு, ஜன்னலைத் திறந்துவைப்பேன் என்று எழுதினார்.

வரைபடத்தை வைத்துப் பார்த்ததில், பெரும்பாலான போர்டுகளில் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் ஒரு சில்லுதான் வெந்துபோயிருந்தது. அது இப்போது கிடைப்பதில்லை. வேறு சில்லை வைத்து, அதற்கேற்ப இரண்டு கம்பியை மாற்றிப் போட்டாள். சில போர்டுகளில் பலகையே பழுது, ஆனால் பதினாறு மூளைச் சில்லு நன்றாக இருந்தது. அவற்றைப் பேருந்து நிலையத்துக்கு எதிரே செல்போன் பழுது பார்க்கும் செழியனிடம் எடுத்துப் போனாள். அவன் சூடான காற்றடித்து அந்தச் சில்லைப் பெயர்த்து, அடியில் புதிதாக ஈயக்குண்டுகள் பதித்து, வேறு பலகையில் உட்கார வைத்தான். முதல் சில்லு அவன் கையில் கருகியது. “அக்கா, இதுக்கு வேற எங்க கிடைக்கும்?” என்று கேட்டான். எங்கேயும் கிடைக்காது, இனி யாரும் செய்யப்போவதில்லை என்று அவள் சொன்னாள். அடுத்ததிலிருந்து அவன் கடையின் மின்விசிறியை நிறுத்திவிட்டு, வாடிக்கையாளர்களையும் வெளியே நிற்க வைத்துத்தான் வேலை செய்தான்.

ஒருவழியாகப் போர்டுகள் ஓடின. வெயில் காலம் வந்தது. கள்ளக்குறிச்சியின் சித்திரை மாதத்தில் மறுபடி அணைந்தன. மெர்லின் தண்ணீர்ப் பானையின் மூடிமேல் வைத்துப் பார்த்தாள். பிறகு ஃபிரிட்ஜில், இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். வெளியே எடுத்தபோது ஈரம் பூத்து ஒரு போர்டு செத்தது, அதன் ஒயரில் சிக்கி மாவும் கொட்டியது. சேவியர்ராஜ் அன்று காலை ரொட்டி தின்றுவிட்டுப் போனான். போகும்போது, மலைமேல் இப்போதும் போர்வை தேவைப்படுகிறது என்று மட்டும் சொன்னான்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் அவள் ஒரு பையோடு அவனுடைய பஸ்ஸிலேயே ஏறினாள். கச்சிராயபாளையம் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் காற்று மாறியது. கரியாலூரில் இருசம்மாள் என்ற பெண், தினமும் அந்த பஸ்ஸில் மரவள்ளிக்கிழங்கு மூட்டை ஏற்றுகிறவள், தன் வீட்டுத் தாழ்வாரத்தில் ஓர் இடம் கொடுத்தாள். போர்டு இருட்டும் வரை அணையாமல் ஓடியது. மெர்லின் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. திறப்பு விழாவுக்குப் பிறகு இவ்வளவு சந்தோஷமாக அவள் எதையும் தொட்டதில்லை.

இருசம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “இது இன்னா பண்ணும் டீச்சரம்மா?”

“ஒரே நேரத்துல பதினாறு வேலை பண்ணும்.”

“பன்னி ஓட்டுமா?”

காட்டுப்பன்றிகள் இருசம்மாளின் கிழங்குக் காட்டில் பாதியைத் தோண்டிப் போட்டிருந்தன. காவல் இருந்து இருந்து அவளுக்கு இடுப்பு போயிருந்தது. நான்கு பக்கமும் வேலி போட வசதி இல்லை. ஓட்டாது என்று சொல்ல வாயெடுத்த மெர்லின், சொல்லாமல் யோசித்தாள். காட்டைச் சுற்றிப் பல இடங்களில் மைக் வைத்தால், ஒவ்வொரு மைக்கையும் ஒரு மூளை கேட்டுக்கொண்டிருக்கலாம். எந்த மூலையில் பன்றி உறுமினாலும் தெரியும். பார்க்கலாம் என்றாள்.

பன்றியின் குரலைப் பதிவு செய்து, இதுதான் பன்றி என்று போர்டுக்குக் கற்றுக்கொடுக்க ஆடி மாதம் வரை ஆனது. நிரலில் அவளுக்கு எட்டாத இடங்களை நார்வேக்காரர் எழுதிக் கொடுத்தார். அவருக்கு மரவள்ளிக்கிழங்கு என்றால் என்ன என்று படம் அனுப்பி விளக்க வேண்டியிருந்தது. முதலில் போர்டு இடிச் சத்தத்தைப் பன்றி என்றது. பிறகு பக்கத்துக் காட்டு ராசு பரண்மேல் விடும் குறட்டையைப் பன்றி என்றது. ராசுவிடம் இதை யார் சொல்வது என்று யோசித்து, கடைசியில் அவர் குறட்டையையும் பதிவு செய்து, இது பன்றி அல்ல என்று கற்றுக்கொடுத்தாள்.

பன்றி வந்தால் ஒலிபெருக்கியில் நாய் குரைக்கும்படி வைத்தாள். இரண்டு நாள் பயந்த பன்றிகள், அந்த நாய் கடிக்காது என்று கண்டுகொண்டன. வெடிச்சத்தத்துக்கும் அப்படியே. பிறகு என்ன சத்தம் வைப்பதென்று தெரியாமல் சேவியர்ராஜின் விசிலைப் பதிவு செய்து, கூடவே அவன் குரலில் “ஏறு, ஏறு, உள்ள போ” என்பதையும் வைத்தாள். பன்றிகள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஏன் என்று யாருக்கும் தெரியாது. சேவியர்ராஜ் இதைப் பெருமையாக எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று கொஞ்ச நாள் யோசித்தான்.

இருசம்மாள் அந்த வருஷம் முழுக் காட்டிலும் கிழங்கு பிடுங்கினாள். பன்றிகள் ராசுவின் காட்டுக்குப் போயின. அவர் மறுநாளே வந்து நின்றார். அவருக்கு ஒன்று, அவர் தம்பிக்கு ஒன்று என்று மலைமேல் போர்டுகள் பரவின. சூரியத் தகடு வைத்து, தகரப் பெட்டிக்குள் காற்றோட்டம் விட்டு, மெர்லினே ஒவ்வொன்றையும் மாட்டினாள். திங்கள் காலை எட்டரைக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு மலை பஸ்ஸுக்குப் போவது அவளுக்கு வழக்கமாகிவிட்டது.

அடுத்த மழைக்காலத்தில் இருசம்மாளின் போர்டு இடி விழுந்து போனது. மெர்லின் திறந்து பார்த்தாள். பதினாறு மூளைச் சில்லே வெடித்திருந்தது. சாக்கில் மாற்றுச் சில்லு ஒன்றுகூட மிச்சமில்லை. நார்வேக்காரர் தன்னுடையதில் இரண்டை அனுப்பியிருந்தார், பார்சல் இன்னும் வந்து சேரவில்லை. இது முடிஞ்சிபோச்சு, இதைச் செய்தவர்களே இப்போது இல்லை, நார்வேயிலிருந்து பார்சல் வந்தால்தான் உண்டு என்று மெர்லின் இருசம்மாளிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

இருசம்மாள் அந்தக் கருகிய போர்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அடுத்தது வர்ற வரைக்கும் நான் முழிச்சிக்கினு கிடக்கறேன்,” என்றாள். “நீ சாப்புட்டுட்டுப் போ. கிழங்கு வெந்துக்கினு இருக்குது.”

மெர்லின் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள்.