பின்னால் தட்டிய கை

லாரி ஷெட்டில் அவருக்கு நிதானம் என்று பெயர் வைத்தது யார் என்று அவருக்கே நினைவில்லை. யாராவது அவசரப்படுத்தினால் "நிதானம், நிதானம்" என்று கையைக் காட்டுவார். அந்தச் சொல்லே ஆளோடு ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயரை லைசென்ஸில் பார்த்தால்தான் உண்டு. வீட்டுக்காரி மட்டும் கோபம் வந்தால், நிதானமாம் நிதானம், இவரைக் கடைக்கு அனுப்பினால் அடுப்பு அணைந்த பிறகுதான் உப்பு வரும் என்று முனகுவாள்.

அந்த நிதானம் தலை நரைக்கிற வயதில், ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கிற ஒரு தேசத்துக்குக் கிளம்பிப் போனார். ஆசைப்பட்டுப் போகவில்லை. முதலாளி லாரிகளை விற்றுவிட்டுத் தொழிலுக்கே ஒரு கும்பிடு போட்டுவிட்டார். மற்ற ஷெட்டுகளில் ஏறி இறங்கினால் எல்லாரும் இள வயதுக்காரர்களைத் தேடினார்கள். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுதான் வயதைக் கேட்காமல் அனுபவத்தைக் கேட்டது. லாரி ஓட்டுவதைத் தவிர வேறு எதுவும் கைவராத மனிதர், போகாமல் என்ன செய்வார்?

ஆனால் அந்த ஊர் லைசென்ஸ் வாங்கினால்தான் அங்கே வண்டி. ஓட்டுத் தேர்வுக்கு இரண்டே வாய்ப்பு. இரண்டும் போனால் கிடங்கில் பெட்டி தூக்கலாம், அல்லது வந்த வழியே திரும்பலாம். முதல் வாய்ப்பைக் கோட்டைவிட்டு வந்துதான் நிதானம் தன் அறைக் கட்டிலில் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

சாலையில் ஓட்டியதில் குறை ஒன்றும் இல்லை. பக்கம் மாறி ஓட்டுவதும் சீக்கிரமே பழகிவிட்டது. ரிவர்ஸ்தான் காலை வாரியது. நீளமான டிரெய்லரை இரண்டு மஞ்சள் கோடுகளுக்கு நடுவே பின்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். பின்பக்கம் காட்டும் கேமரா இருந்தது, ஆனால் தேர்வுக்காக அதை அணைத்துவிட்டார்கள். நிதானம் கியரைப் போட்டார், கண்ணாடியைப் பார்த்தார். வண்டி ஒரு முழம் நகர்ந்ததும் கால் தானாக பிரேக்கை மிதித்தது. மறுபடி நகர்ந்தது, மறுபடி மிதித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தேர்வு அதிகாரி அம்மாள் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. கோட்டைத் தொடுவதற்குள் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது. பயமா என்று அந்த அம்மாள் மரியாதையாகத்தான் கேட்டார். பயம் இல்லை, சத்தம்தான் இல்லை என்று எந்த மொழியில் அவரிடம் சொல்வது?

சத்தம் என்றால் மச்சானுடைய கை. மச்சான், வீட்டுக்காரியின் அண்ணன், நிதானத்தின் லாரியில் கிளீனர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருவரும் ஒரே வண்டி. தங்கச்சியைக் கொடுத்து சீட்டைப் பிடித்துவிட்டான் என்று ஷெட்டில் மச்சானைக் கிண்டல் செய்வார்கள். வீட்டில் அவர் பெண் கொடுத்த வீட்டுப் பெரிய மனிதர், சாப்பாட்டுத் தட்டு முதலில் அவருக்குத்தான், நிதானமும் "வாங்க மச்சான்" என்றுதான் கூப்பிடுவார். லாரிக்குள் ஏறிவிட்டால் வாங்க போங்க எல்லாம் கழன்றுவிடும். ஓட்டக் கற்றுக்கொள்ளேன் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாயிற்று. ஓட்டுகிறவனுக்கு முன்னால் மட்டும்தான் தெரியும், எனக்கு நாலு பக்கமும் தெரியும் என்று மச்சான் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார்.

லாரி பின்னால் போகும்போது மச்சான் இறங்கிப் போய் பாடியைக் கையால் தட்டிக்கொண்டே வருவார். தட்டிக்கொண்டிருந்தால் வரலாம். தட்டுவது நின்றால் நின்றாக வேண்டும். மற்ற கிளீனர்கள் எல்லாம் நிறுத்தச் சொல்லித்தான் ஓங்கித் தட்டுவார்கள், கத்துவார்கள். மச்சான் அதை மாற்றி வைத்திருந்தார். தட்டுகிறவனே தடுக்கி விழுந்தால் யார் ஓங்கித் தட்டுவது என்பது அவர் கேள்வி.

ஒருமுறை மார்க்கெட் சந்தில் வண்டி பின்னால் போய்க்கொண்டிருந்தபோது சத்தம் பட்டென்று நின்றது. நிதானமும் நின்றார். இறங்கிப் போய்ப் பார்த்தால், பழக்கடைக்கார அம்மா சக்கரத்துக்கு அருகே குனிந்து, உருண்டுபோன ஆரஞ்சுகளை நிதானமாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். வண்டி பின்னால் வருவதே அவருக்குத் தெரியாது. மச்சானின் கை மட்டும் தட்டப்போன இடத்தில் அந்தரத்திலேயே நின்றது. சாயங்காலம் அந்த அம்மாவிடமே போய் ஒரு கூடைப் பழத்தை வாங்கி வந்தார்கள்.

அப்படிப் பழகின காலுக்கு, சத்தம் இல்லையென்றால் பிரேக். மூளை என்ன சொன்னாலும் அது கேட்காது.

ஊரை விட்டுக் கிளம்பின அன்று மச்சான் விமான நிலையத்துக்கு வரவில்லை. வீட்டு வாசலில் பெட்டியை ஏற்றிவிட்டு, டாக்ஸி சந்திலிருந்து பின்னால் போனபோது வழக்கம்போல டிக்கியைத் தட்டிக்கொண்டே தெருமுனை வரைக்கும் வந்தார். பெயின்ட் போய்விடும் என்று டாக்ஸிக்காரர் கத்தினார். மச்சான் காதில் வாங்கவே இல்லை. நிதானம் திரும்பிப் பார்க்காமல் அந்தச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

புது தேசத்து லாரி சொகுசுக்குக் குறைவில்லாதது. சீட்டு தானாக ஏறி இறங்கும், கண்ணாடியில் ஒரு தூசி இருக்காது. பழைய வண்டியில் தார்ப்பாய் நாற்றமும் டீசல் நாற்றமும் கலந்து அடிக்கும், மச்சானின் குறட்டையில் பாதிப் பாட்டு கேட்காது. அந்தக் குறட்டைக்காக இப்படி மனசு ஏங்கும் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் நிதானம் சிரித்திருப்பார். பயிற்சி வண்டியின் பக்கத்து சீட்டில் இப்போது அவருடைய சாப்பாட்டு டப்பா மட்டும் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. பெல்ட் போடாவிட்டால் பிரேக்குக்கு ஒருமுறை கீழே விழுந்துவிடுகிறது.

மச்சானுக்கு இப்போது ஒரு கட்டடத்தில் வாட்ச்மேன் வேலை. கார்களுக்கு ரிவர்ஸ் காட்டப் போய், தொடாதே என்று திட்டு வாங்குகிறார் என்று வீட்டுக்காரி போனில் சொல்லியிருந்தாள். அவரிடம் தோற்ற கதையைச் சொல்லவே நிதானத்துக்கு நாக்கு எழவில்லை. ஆனால் வேறு யாரிடம் சொல்வது? போன் போட்டு, காலின் கதையை ஒன்று விடாமல் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மச்சான் சிரித்தார்.

"மாப்ள, இத்தனை வருஷமா நான் பார்த்துத்தான் தட்டினேன்னு நெனச்சிட்டிருக்கியா?"

"பின்ன?"

"பாதி நாள் நான் வேற எங்கயோ பார்த்துக்கிட்டு நிப்பேன். கை பாட்டுக்குத் தட்டும். நீயாதான் கண்ணாடியப் பார்த்து நிறுத்துவ. நீ நிறுத்தினதும் நான் கைய எடுத்துக்குவேன். ஓசியில சம்பளம் வாங்கினவன்டா நான். என்னை நம்பியா இவ்வளவு நாள் ஓட்டின?"

நிதானம் நன்றாகத் திட்டினார். மச்சான் இன்னும் பலமாகச் சிரித்தார். போனை வைத்தபோது நிதானத்துக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. நாமாகத்தான் நிறுத்தியிருக்கிறோம், அப்படியானால் இங்கேயும் முடியும் என்று தெம்பு வந்தது. எழுந்து சட்டையை மாற்றி, சாப்பிட்டு, தட்டைக் கழுவப் போனார்.

குழாயடியில் நிற்கும்போதுதான் அந்தரத்தில் நின்ற அந்தக் கை நினைவுக்கு வந்தது. அன்று கண்ணாடியில் வெறும் சுவர்தான் தெரிந்தது. பழக்கடைக்கார அம்மா தெரியவே இல்லை. சத்தம் நின்ற பிறகுதான் வண்டி நின்றது.

கழுவிய தட்டையே நிதானம் மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். மச்சானுக்குப் பெருமை என்று இருந்ததே அந்தக் கை ஒன்றுதான். மாப்பிள்ளைக்காக அதையும் ஒன்றுமில்லை என்று சிரித்துக்கொண்டே தூக்கிக் கொடுத்துவிட்டார். அழுகை வந்தது. அழுதார்.

இரண்டாவது தேர்வுக்கும் அதே அம்மாள்தான் வந்தார். அதே மைதானம், அதே கோடுகள். நிதானம் கியரைப் போடவில்லை. ஒருமுறை இறங்கிப் பார்க்கலாமா என்று கேட்டார். பார்க்கலாம், அதற்கு விதியிலேயே இடம் உண்டு என்றார் அந்த அம்மாள். நிதானம் இறங்கி டிரெய்லரின் பின்னால் நடந்தார், மச்சான் எந்த இடத்தில் நிற்பாரோ அந்த இடத்தில் போய் நின்றார். இத்தனை வருஷத்தில் அவர் அங்கே நின்று பார்த்ததே கிடையாது. சக்கரத்துக்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளி, ஓரத்துக் கல், கண்ணாடிக்கு எட்டாத அந்த மூலை, எல்லாவற்றையும் மனசில் வாங்கிக்கொண்டார். பாடியை உள்ளங்கையால் ஒருமுறை தொட்டுவிட்டு வந்து ஏறினார்.

ஆட்டோமேட்டிக் வண்டி, கிளட்ச் இல்லை, இடது காலுக்கு வேலை இல்லை. அந்தக் காலால் தரையைத் தட்டத் தொடங்கினார். டப், டப், டப். வலது கால் பிரேக்கை விட்டது. அந்த அம்மாள் குனிந்து காலைப் பார்த்தார், நிதானத்தின் முகத்தைப் பார்த்தார். நிதானம் இரண்டு கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தார். கோடு வந்ததும் இடது காலை நிறுத்தினார். வண்டி நின்றது.

லைசென்ஸ் கிடைத்துவிட்டது என்று முதலில் வீட்டுக்காரிக்குச் சொன்னார். பிறகு மச்சானைக் கூப்பிட்டார்.

"நான்தான் சொன்னேனே மாப்ள," என்றார் மச்சான். "என்னால ஒண்ணும் இல்ல. எல்லாம் நீதான்."

"மச்சான்," என்றார் நிதானம். லாரிப் பேச்சில் அவர் மரியாதை கொடுத்தது அதுதான் முதல் தடவை. "அந்த ஆரஞ்சுக்கார அம்மாவ மறந்துட்டீங்களா?"

அந்தப் பக்கம் சத்தம் நின்றுவிட்டது. நிதானமும் நின்றார். தெருவில் ஏதோ ஒரு கார் ஹார்ன் அடிப்பது போனில் கேட்டது, யாரோ வாட்ச்மேனைக் கூப்பிட்டார்கள். மச்சான் போனை வைக்கவில்லை.

பிறகு இரும்பு கேட்டில் உள்ளங்கை விழும் சத்தம் கேட்டது. டப், டப், டப், டப். நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது.