விசாவுக்கு ஒரு தாலி

எழுபதுகளில் காரைக்குடியிலிருந்து வெளிநாடு போய்ப் படிக்க நினைத்தவர்களுக்கு விசா பாரம் நிரப்பித் தர ஒருவர் இருந்தார். மல் ஜிப்பா, நெற்றி நிறைய விபூதி. விரலை நாக்கில் தொட்டுத்தான் யாருடைய சான்றிதழையும் புரட்டுவார். என் பட்டச் சான்றிதழிலும் அந்த எச்சில் பட்டது.

"கல்யாணமாகாத பொண்ணு திரும்பி வராதுன்னு விசா குடுக்க மாட்டாக. இதைக் கட்டிக்கிட்டுப் போங்க. வீட்டுக்காரர் ஊர்ல இருக்காருன்னு சொல்லுங்க, பயப்படாதீக" என்று மேசை டிராயரிலிருந்து ஒரு தாலியை எடுத்து நீட்டினார்.

"யாரோடது?"

"என் தங்கச்சியோடது. மாப்பிள்ளை போய்ச் சேர்ந்துட்டாரு. சும்மாதான கெடக்கு."

எனக்குக் காபி கொண்டுவந்த அந்தத் தங்கை வெறுங்கழுத்தோடு கதவருகே நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் காகிதங்களை மட்டும் அள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மெட்ராஸில் விசா அதிகாரியிடம் கல்யாணம் ஆகவில்லை என்றே சொன்னேன். படித்து முடித்ததும் ஊருக்கு வந்து கல்லூரியில் பாடம் நடத்துவேன் என்றேன். விசா கிடைத்தது.

கிளம்புகிற வாரம் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி ஆசையாக வந்து கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினாள்.

"அக்கா, நீங்க கட்டிக்கிட்டுப் போனது இதுதானாமே? ராசியான தாலின்னு சொல்லிக் குடுத்தாரு."