உளித் தலையில் சுண்ணாம்பு

மாரிகுப்பத்துக்கு ரயில் வந்து இரண்டு மழைக்காலம் கழிந்திருந்த சமயம் அது. கோரமண்டல் சுரங்கத்துப் பக்கம், மூங்கில் தட்டி வைத்துக் கட்டிய கூலி லைனில் ஒரு வீட்டில் நான், என் மனைவி, நான்கு வயது மகள் என்று மூன்று பேர் குடியிருந்தோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது உயிரே போய்விட்டது. சம்மட்டி பிடித்த கை இது, எழுத்து கொஞ்சம் கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் வேலூருக்குத் தெற்கே, மழையை நம்பிக் கிடக்கும் ஊர். அங்கே காலையில் கேழ்வரகுக் கூழ், ராத்திரி கேழ்வரகுக் களி. தொட்டுக்கொள்ள வேலியில் கிடைக்கும் ஏதாவது ஒரு கீரை. நெல்லுச்சோறு என்பது பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும்தான். தங்கச் சுரங்கத்துக்கு வந்து முதல் சம்பளம் வாங்கிய அன்றைக்கு, கடையில் வெள்ளை வெளேரென்று ரங்கூன் அரிசியைப் பார்த்தேன். அங்கேயே ஒரு முடிவு எடுத்தேன். இனிமேல் என் தட்டில் கேழ்வரகும் விழக் கூடாது, கீரையும் விழக் கூடாது. மூன்று வேளையும் சோறு, புளிக்குழம்பு, ஊறுகாய், கருவாடு. சம்பளக்காரன் என்றால் சும்மாவா?

தினம் காலையில் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தெலுங்குக்காரப் பெண் தலையில் கூடையோடு லைனுக்கு வருவாள். "ஆக்கூர! ஆக்கூர!" என்று கூவிக் கீரை விற்பாள். அவளை எங்கள் வாசலில் நிற்கவே விடமாட்டேன். "இங்க ஆடு ஒண்ணும் கட்டிவெக்கல, போம்மா" என்பேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். எனக்குத் தலைகால் புரியாது.

என் மனைவி என்னோடு வாதாடவில்லை. நான் ஷிப்டுக்குப் போன பிறகு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கட்டுக் கட்டாகக் கீரை வாங்குவாள். கொல்லையில் அவள் நட்ட முருங்கைக் கொம்பும் தழைத்திருந்தது. அவளும் மகளும் பகலில் களியும் கீரையும் சாப்பிட்டுவிடுவார்கள். எனக்குத் தனியாகச் சோறு வடிப்பாள். எனக்கு இது தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன். அவர்களுக்கு ருசி தெரியவில்லை, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் போனது. ஒரு நாள் சாயங்காலம் ஷிப்டு முடிந்து மேலே வந்தேன். பொழுது சாய்ந்திருந்தது. வழியில் மேஸ்திரி நிற்பது தெரிந்தது. தலைப்பாகையை இறக்கி, "சலாம் மேஸ்திரி" என்றேன். பதில் இல்லை. கிட்டே போய் இன்னொரு சலாம் வைத்தேன். பின்னால் வந்த ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நின்றது வண்ணாரின் கழுதை. நானும் வேடிக்கைக்குச் செய்தவன் போலச் சேர்ந்து சிரித்தேன். வீடு வரை அவர்கள் பின்னாலேயே நடந்தேன்.

பகலில் எல்லாம் பளிச்சென்று தெரியும். பொழுது இறங்கினால் கண் முன்னால் சாம்பலைப் போர்த்தியது போல் ஆகிவிடும். வீட்டில் சொம்பு என்று நினைத்து விளக்கைத் துழாவினேன். வெளியே நடக்கும்போது, சுரங்கத்தில் என்னோடு வேலை செய்யும் கூட்டாளியின் தோளில் கை போட்டுக்கொண்டேன். "இன்னா மச்சான், திடீர்னு இவ்ளோ பாசம்?" என்று அவன் கேட்டான். "பாசத்துக்கு நேரம் காலம் கீதா?" என்று சொல்லிச் சமாளித்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. கண் சரியில்லாதவனைச் சுரங்கக் குழிக்குள் யார் இறக்குவார்கள்? வேலை போனால் ஊருக்குத் திரும்பிப் போய் மறுபடியும் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பஜாரில் ஒருவன் விற்ற கண் மையை ரகசியமாக வாங்கி இரண்டு வேளையும் போட்டுக்கொண்டேன். மிளகாய் அரைத்த கையால் கண்ணைத் தேய்த்தால் எப்படி இருக்குமோ அப்படி எரிந்தது. இவ்வளவு எரிந்தால் நல்ல மருந்தாகத்தான் இருக்கும் என்று நம்பினேன்.

என் வேலையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கேஜில், அதாவது இரும்புக் கூண்டில், இறங்கி ஆழத்தில் எங்கள் லெவலுக்குப் போனால் பகலென்ன, இரவென்ன, எல்லாம் ஒரே இருட்டுதான். களிமண் உருண்டையில் குத்திவைத்த மெழுகுவத்திதான் வெளிச்சம். வெடி வைக்கப் பாறையில் துளை போடுவது எங்கள் வேலை. ஒருவன் இரும்பு உளியை இரண்டு கையாலும் பாறையில் பிடித்துக்கொள்வான். இன்னொருவன் சம்மட்டியை ஓங்கி உளித் தலையில் அடிப்பான். ஒவ்வோர் அடிக்கும் பிடிக்கிறவன் உளியைக் கொஞ்சம் திருப்புவான். அடிக்கிறவன் நான். பிடிக்கிறவன் என் கூட்டாளி. அடி ஒரு விரற்கடை தவறினாலும் அது விழுவது அவன் கையில்.

என் வயசுக்காரன்தான் அவன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவன். குடி கிடையாது, பீடி கிடையாது, வெற்றிலைகூடப் போடமாட்டான். அவன் மனைவிக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. பிரசவத்துக்குக் கூட இருந்தது என் மனைவி.

எனக்குக் கண் மங்க ஆரம்பித்த கொஞ்ச நாளில் அவன் ஒரு புதுப் பழக்கம் பிடித்தான். இடுப்பிலிருந்து சிறிய சுண்ணாம்பு டப்பி ஒன்றை எடுப்பான். ஒரு விரலால் தொட்டு உளியின் தலையில் தடவுவான். நாலு அடி அடித்து நிறுத்தினால் மறுபடியும் தடவுவான்.

"இன்னாத்துக்கு மச்சான் இது?" என்று கேட்டேன்.

"அடி வாங்கி வாங்கி இரும்பு சூடாவுது. சுண்ணாம்பு குளிர்ச்சி" என்றான்.

சரி, அவனுக்கு ஏதோ பைத்தியம் என்று விட்டுவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து உளித் தலை எனக்கு வெள்ளைப் பொட்டாகத் தெரிய ஆரம்பித்தது. அடி சரியாக விழுந்தது. ஆகா, பஜார் மருந்து வேலை செய்கிறதே என்று இன்னொரு டப்பி மை வாங்கினேன். என் புத்தியை என்னவென்று சொல்வது!

பிறகு ஒரு நாள் எங்களை வேறு இடத்தில் போட்டார்கள். அங்கே மேலேயிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அவன் தடவத் தடவச் சுண்ணாம்பு கரைந்து ஓடியது. எனக்கு உளி எது, கை எது, பாறை எது என்று ஒன்றும் பிடிபடவில்லை. கைப்பழக்கத்தில் அடித்தேன். ஐந்தாவதோ ஆறாவதோ அடி. சம்மட்டி உளித் தலையின் ஓரத்தில் பட்டு வழுக்கியது. "அம்மா!" என்று ஒரு சத்தம்.

சம்மட்டியைப் போட்டுவிட்டுத் தடவிக்கொண்டு அவன் கையைத் தேடினேன். விரல் முட்டிகளில் தோல் உரிந்து ரத்தம் பிசுபிசுத்தது. எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓர் அங்குலம் உள்ளே பட்டிருந்தால் நொறுங்கியிருக்கும். அவன் தலைத்துணியைக் கிழித்துக் கையில் சுற்றிக்கொண்டான். "ஒண்ணும் இல்ல மச்சான். தண்ணி வழுக்கிடுச்சி" என்றான். நானும் வெட்கமில்லாமல், "ஆமா, தண்ணிதான்" என்றேன்.

வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. விளக்கு ஏற்றும் நேரம். தட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். மனைவி எதிரே வந்து நின்றாள். நிழல் மாதிரி தெரிந்தது.

"இன்னாய்யா, எம் மூஞ்சியில இன்னா கீது, சொல்லு?"

"இன்னா கீது? அழகுதான் கீது."

மகள் களுக்கென்று சிரித்தாள். "அப்பா, அம்மா நாக்க நீட்டிகினு கீது! மூக்குல கரி பூசிகினு கீது!" என்று கைகொட்டினாள்.

நான் அசடு வழிந்தேன். மனைவி சிரிக்கவில்லை. அவளுக்கு ஒரு வாரமாகவே சந்தேகமாம். கூட்டாளியின் கைக்கட்டைப் பற்றி அவன் மனைவி சொல்லக் கேட்டதும் உறுதி செய்துகொள்ள வந்திருக்கிறாள். எதிரே உட்கார்ந்து என்னை விசாரிக்க ஆரம்பித்தாள்.

"வூட்ல மூணு பேரு. ஒரே வூடு, ஒரே பொகை, ஒரே வெளக்கு. எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுது. பாப்பாவுக்குத் தெரியுது. உனக்கு மட்டும் இன்னா வந்துச்சி?"

"குழிக்குள்ள வெடிப் பொகை..."

"ஏன், உங் கூட்டாளி அதே பொகையிலதான கீறாரு? நாங்க துன்றது எது, நீ துன்றது எது, அத யோசிச்சிப் பாரு. பஞ்சத்துல எங்க அண்ணனுக்கு இப்படித்தான் மாலைக்கண்ணு வந்துச்சி. ஆட்டு ஈரலும் முருங்கக்கீரையும் குடுத்துதான் தெளிஞ்சிது."

பக்கத்தில் இருந்த சோற்றுத் தட்டைத் தடவித் தள்ளி வைத்தேன். பிறகு அவள் குரல் மாறிவிட்டது. "உங் கண்ணு போனா நான் கைபுடிச்சி இட்டுகினு போவேன். அவரு கை போனா, அந்தப் பச்சப் புள்ளைக்கு யாரு கஞ்சி ஊத்துவா? காலைல போய் அவருகிட்ட சொல்லிடு. சொல்லாம நீ கேஜில கால் வெக்கக் கூடாது."

மறுநாள் விடிந்ததும் அவன் வீட்டுக்குப் போனேன். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒருவழியாக எல்லாவற்றையும் கொட்டினேன். அடிப்பான் என்றுதான் நினைத்தேன். அவன் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னான்.

"கழுதைக்கு சலாம் வெச்சியே, அன்னிக்கே தெரியும். வெத்தலையே போடாத நான் இன்னாத்துக்கு மச்சான் சுண்ணாம்பு டப்பி வெச்சிகினு கீறேன்?"

எனக்குச் சுருக்கென்றது. அந்த வெள்ளைப் பொட்டு எனக்காக வைத்தது. நானோ கண் மைக்குக் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தேன்.

"பின்ன ஏன் கேக்கல?"

"நீயா சொல்லுவன்னு பாத்தேன். மேஸ்திரி காதுக்குப் போனா உன்ன அனுப்பிடுவான். ஆனா நேத்திக்குப் பயந்துட்டேன் மச்சான். இனிமே நான் அடிக்கிறேன், நீ புடி."

அப்படியே செய்தோம். பிடிக்கிறவனுக்குக் கண் அவ்வளவு வேண்டியதில்லை, கை ஆடாமல் இருந்தால் போதும். சொல்வது சுலபம். தலைக்கு மேலே சம்மட்டி சுழலும் சத்தம் மட்டும் கேட்கும், ஒன்றும் தெரியாது. முதல் நாள் ஒவ்வோர் அடிக்கும் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். இத்தனை நாள் இவன் என்னை நம்பி எப்படி இதைப் பிடித்தான் என்று நினைத்து நினைத்து வெட்கப்பட்டேன். காயம்பட்ட கையோடு அவன் ஓர் அடிகூடத் தவறவிடவில்லை.

வீட்டில் என் மனைவியின் ராஜ்யம் ஆரம்பித்தது. காலையில் கேழ்வரகுக் கூழ். மத்தியானத்துக்குக் களி, கீரைக் கடையல். ராத்திரி முருங்கைக்கீரைப் பொரியல். ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ஈரலை மிளகு போட்டு வதக்கி, நான் கடைசித் துண்டை விழுங்கும் வரை எதிரே உட்கார்ந்திருப்பாள். சோறு மட்டும் கொஞ்சம் விட்டுவைத்தாள். கண் மையை எடுத்துக் கொல்லையில் வீசினாள். கீரைக்காரப் பெண் எங்கள் வாசலில் கூடையை இறக்கி, "ஆடு வந்துடுச்சா?" என்று தமிழில் கேட்டாள். என்னைக் கிண்டல் செய்வதற்கென்றே அந்த இரண்டு வார்த்தையைக் கற்றுக்கொண்டிருக்கிறாள். லைனே சிரித்தது. எனக்கும் சிரிப்புதான் வந்தது.

இரண்டு ஞாயிறு தாண்டியிருக்கும். சாயங்காலம் மேலே வந்தேன். பொழுது போயிருந்தது. வழியில் கழுதை நின்றது. கழுதையாகவே தெரிந்தது. சலாம் வைக்காமல் கடந்து வந்தேன். கூட்டாளியின் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனேன். மனைவி வாசலில் நின்றாள். நான் பக்கத்தில் போனதும், அன்றிலிருந்து தினம் சாயங்காலம் கேட்கிற கேள்வியையே கேட்டாள்.

"எம் மூஞ்சியில இன்னா கீது, சொல்லு?"

"மொதல்ல நாக்க உள்ள போடுமே!"

அவள் அப்படியே உட்கார்ந்து முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சிரித்துக்கொண்டேதான் அழுதாள்.

இன்னும் ஒரு வாரம் பொறுத்து, கூட்டாளி சம்மட்டியை என் கையில் கொடுத்தான். அவன் உளியைப் பிடித்தான். நான் உளித் தலையைப் பார்த்தேன். வெள்ளை இல்லை. கறுத்த வெறும் இரும்பு. அவன் டப்பியை எடுக்கவே இல்லை. "அடி மச்சான்" என்றான். தழும்பு விழுந்த அந்த விரல் முட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு, அதற்கப்புறம்தான் ஓங்கினேன்.

கண்ணுக்கு எது வந்தாலும் கீரை போதும் என்று நான் சொல்ல வரவில்லை. வேறு கோளாறு என்றால் டாக்டரிடம் போங்கள். பஜார் மையை மட்டும் நம்பாதீர்கள். இப்போது சுரங்கத்தில் மின்சார விளக்கெல்லாம் வந்துவிட்டது. முருங்கை கூரைக்கு மேல் வளர்ந்துவிட்டது. எங்கள் மூன்று தட்டிலும் ஒரே சாப்பாடு. நான் வேண்டாமென்று ஒதுக்கிய ஒரு பிடி கீரைக்காக இன்னொருவன் தன் இரண்டு கையையும் என் சம்மட்டிக்குக் கீழே வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தான் என்பதை, இன்றைக்கும் தட்டில் கீரை விழும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.