செட் மாத்திரையும் செக்யூரிட்டி செல்வமும்

பெங்களூரு அல்சூரில் மெடிக்கல் ஷாப் கவுன்டரில் நின்றே என் பாதி ஆயுள் போய்விட்டது. அங்கே என்னை அதிகம் கத்த வைத்த சொல் 'செட்'. நாலைந்து ஸ்ட்ரிப்பிலிருந்து ஒவ்வொரு மாத்திரையாக வெட்டிக் காகித உறையில் போட்டுக் கொடுத்தால் அதுதான் செட். காய்ச்சலுக்கு, சளிக்கு, வலிக்கு என எல்லாம் அதில் கலந்திருக்கும். வெட்டிய துண்டில் பெயர்கூட முழுசாக இருக்காது. எதை விழுங்குகிறோம் என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

ஊரெல்லாம் டெங்குவாக இருந்த ஒரு மழைக்காலத்தில் செல்வம் வந்தார். பக்கத்து அபார்ட்மென்டில் செக்யூரிட்டி. நிற்க முடியாமல் கவுன்டரைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம், ஜுரம். உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலிக்குது. பவரா ஒரு செட் குடுங்க."

"செட்டெல்லாம் தரமாட்டேன். பாராசிட்டமால் தரேன். போய் ரத்த டெஸ்ட் எடுங்க."

"அது எனக்குக் கேக்காது மேடம். லீவு போட்டா வேற ஆளப் போட்டுடுவாங்க. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணுங்க, கொஞ்சம் பாத்துக் குடுங்க."

"மாட்டேன்னா மாட்டேன். உயிரை வாங்காதீங்க, கிளம்புங்க."

கிளம்பி நேராக எதிர்க் கடைக்குப் போய் செட் வாங்கினார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அந்த வாரமே அவர் மனைவி வசந்தா ஓடி வந்தார்.

"அக்கா, அவருக்கு ஈறுல ரத்தமா வருது. நிக்கிறதுக்கு ஒரு மாத்திர குடுங்கக்கா."

இதற்கும் மாத்திரையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அந்த செட்டையா சாப்பிட்டாரு?"

"அதப் போட்டுக்கினுதான் தெனம் டூட்டிக்குப் போனாரு."

உடனே ஆட்டோ பிடித்து, வீட்டில் கிடந்தவரையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி வசந்தாவை அனுப்பினேன். டெங்குதான். பிளேட்லெட் கிடுகிடுவென்று இறங்கியிருந்தது. போதாக்குறைக்கு செட்டில் இருந்த வலி மாத்திரை ரத்தப்போக்கை இன்னும் கூட்டிவிட்டது. ஐசியூவில் கிடந்து பிழைத்தார்.

உடம்பு தேறியதும் கடைக்கு வந்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். சண்டைக்கு வந்திருந்தார்.

"டெங்குல வலி மாத்திர போட்டா ரத்தம் கொட்டும்னு நீங்க ஏன் மேடம் சொல்லல?"

"அதான் தரமாட்டேன்னு சொன்னேனே."

"திட்டுனீங்க. ஏன்னு சொல்லலியே."

எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அவர் கேட்டது நியாயம்தான்.

கவுன்டருக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். என்ன காய்ச்சல் என்று தெரியாதவரை ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை எதையும் வெட்டிக் கொடுக்காதீர்கள். பாராசிட்டமாலும் அளவோடுதான். ஏன் தரவில்லை என்பதை அவர்களுக்குப் புரிகிற மாதிரி முதலில் சொல்லுங்கள். அதற்கப்புறம் திட்டுங்கள்.