அத்தைக்குப் பிடித்த மதில் நகரம்

1957 செப்டம்பர் 13, வெள்ளிக்கிழமை. வழக்கம்போல் அம்மா தேய்த்த நல்லெண்ணெய் என் கண்ணுக்குள் இறங்கிக் கரித்தது. எண்ணெய் ஊறும்வரை, மத்தியானப் பள்ளிக்குப் புறப்படுமுன், ராஜாமணி அத்தைக்கு நான் வாரப் பத்திரிகையின் தொடர்கதையை வாசிக்கவேண்டும்.

அத்தை அப்பாவின் அக்கா. ஜொகூர் தோட்டமொன்றில் முள்வேலிக்குள் இருந்தவரை அப்பா முந்தின வருடம் மலாக்காவின் காஜா பேராங்குக்கு, எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார். வெள்ளைக்காரர்கள் அறிவித்த அவசரகாலத்தில் அங்கே வீட்டில் உலை வைக்கக்கூடாது. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடுமென்று, பொதுக் கொட்டகையில் வடித்த சோற்றைத்தான் கொடுப்பார்கள். வாசலில் தினமும் மடியை அவிழ்த்துக் காட்டவேண்டும். மலாக்காவில் அப்படிச் சோதனை ஏதுமில்லாதபோதும் அத்தை எங்கள் 'சடக்கின்', அதாவது தெருவின், முனையைத் தாண்டியதில்லை. பஸ் ஏறினால் போய்விடக்கூடிய புக்கிட் ரம்பாயில் அவர் மகள் பெற்ற பேரனுக்கு மூன்று மாதம். இன்னும் முகம் பார்க்கவில்லை.

அப்படிப்பட்டவருக்கு எந்தக் கதை பிடிக்கவேண்டும்? ராஜகுமாரி கதை என்றால் கொட்டாவி விடுவார். பேசுவதற்கே அனுமதிச் 'சீட்டு' வாங்கவேண்டிய, சுற்றிலும் மதில் எழுப்பிய நகரத்தின் கதைதான் வேண்டும். அதிலும் காவலர் வரும் இடத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொல்வார். எனக்கு எரிச்சலாக வரும்.

"பட்டது பத்தாதுன்னு படிக்க வேற சொல்றீங்க. அந்த ஊருல ஒங்களுக்கு ஒரு நாளைக்கு எத்தன சீட்டு வேணும் அண்ணி?" என்பார் அம்மா.

இத்தகைய கதைகளை ஏன் விரும்புகிறார்கள் என்று கேட்டால், சொகுசாக வாழ்பவர்களுக்குப் பயம் ஒரு பொழுதுபோக்கு என்கிறார்கள் இன்று. கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அத்தைக்குச் சொகுசை யார் காட்டினார்கள்?

அன்று கடைசி அத்தியாயம். நாயகன் மதில்வாசலை அடைகிறான்; கதவு திறக்கவில்லை; முற்றும். இனி அத்தை வீட்டுப் படியிறங்கினாற்போலத்தான் என்று சலித்துக்கொண்ட அம்மா, சீயக்காயை என் மண்டையில் அரக்கித் தேய்த்தார்.

அத்தை பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"உள்ளுக்குள்ள இருந்தப்ப ஒலகமே அப்படித்தான்னு நெனச்சேன், மங்களம். வெளிய நின்னு பாத்தாத்தான் அது வேலின்னே தெரியுது. இந்தக் கதைய எழுதினவன் வாசல மூடிட்டான். நம்ம சடக்குல ஏது வாசலு?"

இதையேதானே நான் ஒரு வருடமாகச் சொல்கிறேன், அப்போது காதில் ஏறவில்லையா என்று நான் பள்ளிவிட்டு வந்தபிறகும் அம்மா முணுமுணுத்தார்.

மறுநாள் விடிந்ததும் அத்தை முதல் வேலையாகப் போய் புக்கிட் ரம்பாய் பஸ்ஸுக்கு நின்றுவிட்டார். பஸ் வர நேரமிருக்கிறது, வந்து கோப்பி குடித்துவிட்டுப் போங்கள் என்று அம்மா கூப்பிட்டுப் பார்த்தார். அத்தை திரும்பவில்லை, திரும்பினால் மறுபடி கிளம்பமாட்டோம் என்று அவருக்கே தெரிந்திருக்கவேண்டும். அம்மா திட்டிக்கொண்டே கோப்பியைக் குவளையில் ஊற்றி, மூடி, சடக்கோரத்துக்கே எடுத்துப் போனார்.