நான்காம் வகுப்பின் நெட்டை ஆடு

ஜெனிட்டாவுக்குக் கணக்கு என்றால் பயம். பத்தாம் வகுப்பில் இரண்டு முறை தோற்றது அதில்தான். மூன்றாம் முறை எப்படியோ தேறி, ஆசிரியர் பயிற்சி முடித்து, ஆண்டர்சன்பேட்டையில் ஒரு சிறிய பள்ளியில் நான்காம் வகுப்புக்கு மிஸ் ஆன பிறகும் பயம் போகவில்லை. எல்லாப் பாடமும் அவளே எடுக்க வேண்டும். கணக்கு பீரியடில் கணக்கை விடையோடு சேர்த்துப் போர்டில் எழுதிப்போட்டு, பார்த்து எழுதச் சொல்லிவிடுவாள். யாரும் கேள்வி கேட்டுவிடக் கூடாதே என்று மனசு அடித்துக்கொள்ளும். பத்து வருஷம் இப்படியே ஓடியிருந்தது.

கைவந்தது ஓவியம். ஸ்கெலட்டன் என்ற பகுதியில் அவள் குடும்பம் போகும் சர்ச்சுக்குப் பேனர் எழுதுவதெல்லாம் அவள்தான். சின்னப் படத்தின் மேல் கட்டம் போடுவாள். துணியில் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டம் போட்டு, ஒவ்வொன்றாகப் பார்த்து வரைவாள்.

போன வருஷம், விளைச்சலைச் சர்ச்சில் படைக்கும் அறுப்பின் பண்டிகைக்கான பேனர் முடியாமல் இழுத்துக்கொண்டே போனதால், அதைப் பள்ளிக்கே கொண்டுவந்து சாப்பாட்டு வேளையில் விரித்தாள். பேனரில் ஒரு ஆடு, பாதி வரைந்த நிலையில். அவள் வகுப்புப் பையன் ரூபேஷ் எட்டிப் பார்த்தான்.

“இன்னா மிஸ் இது, துணியெல்லாம் பொட்டி பொட்டியா கீது?”

“படத்தப் பெருசு பண்றதுக்குப்பா.”

“எத்தினி பொட்டி மிஸ்?” கேட்டவன் தானே விரல் வைத்து எண்ணினான். பத்தைத் தாண்டியதும் நிறுத்திவிட்டு, மேலே ஒரு முறை, பக்கத்தில் ஒரு முறை பார்த்தான். “ஒரு வரிசைக்கு ஆறு. அஞ்சு வரிசை. முப்பது மிஸ்.”

வாய்ப்பாடு கேட்டால் பெஞ்சுக்கு அடியில் குனிந்துகொள்கிற பையன் அவன். ஜெனிட்டாவுக்கு அன்று முழுக்க அந்த ‘முப்பது’ காதிலேயே இருந்தது.

மறுநாள் கணக்கு பீரியடில் எல்லாரையும் கட்டம் போட்ட நோட்டில் அந்த ஆட்டை வரையச் சொன்னாள். ஷில்பாவிடம் கட்ட நோட்டு இல்லை. சாதா நோட்டில் ஸ்கேல் வைத்து அவளே கோடு போட்டுக்கொண்டாள். கட்டங்கள் அகலத்தைவிட இரண்டு மடங்கு உயரமாக அமைந்துவிட்டன. ஆடு நெட்டைக் காலும் நீண்ட கழுத்துமாக நின்றது.

“ஏய், ஒட்டகம்டா!” வகுப்பே சிரித்தது. ஷில்பா பக்கத்தைக் கிழிக்கப் போனாள்.

“கிழிக்காத. காலுக்கு எத்தினி பொட்டி எடுத்த?” என்று கேட்டாள் ஜெனிட்டா.

“ரெண்டு மிஸ். எல்லார் மாதிரியும் ரெண்டுதான்.” குரல் அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது.

ஜெனிட்டா எண்ணிப் பார்த்தாள். ஒன்றுகூடப் பிசகவில்லை. “எண்ணிக்கை சரியாதான் கீது. அப்புறம் ஏன் ஆடு வளந்துபோச்சு?”

ரூபேஷ் தன் நோட்டை ஷில்பாவின் நோட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். “அவ பொட்டிதான் மிஸ் நெட்டை” என்றான். அவ்வளவுதான், எல்லாருக்கும் சொந்தமாகக் கட்டம் போட வேண்டுமென்று ஆசை வந்துவிட்டது. சாய்ந்த கட்டம் போட்டவனுக்கு ஓடுகிற ஆடு வந்தது. குட்டைக் கட்டம் போட்டவளுக்கு ஆடு பன்றியானது. போடுவதற்கு முன்பே எப்படி வரும் என்று சொல்லப் பந்தயம் நடந்தது.

இரண்டு வாரம் கழித்து ஷில்பாவின் அப்பா திலீப் தலைமையாசிரியை சரோஜம்மாவிடம் வந்து நின்றார். “கணக்கு நேரத்துல படம் போட வைக்கிறாங்களாமே மேடம், இன்னா படிப்பு இது?”

சரோஜம்மா மறுநாள் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு பீரியட் முழுக்கப் பிள்ளைகள் கட்டம் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது, “பின்னாடி செவுரு சும்மாதானே கீது. அதுல ஒண்ணு போடுங்களேன்” என்றார்.

எந்த ஆடு என்று வகுப்பில் ஓட்டெடுப்பு நடந்தது. ஷில்பாவின் நெட்டை ஆடு ஜெயித்தது. முதலில் சார்ட்டில் வரைந்து வண்ணம் தீட்டினார்கள். பழுப்பு பெயிண்ட் ஒரு ஸ்பூன் பிடித்தது. சுவரில் ஒவ்வொரு கட்டமும் சார்ட்டில் இருப்பதைப் போல் பத்து மடங்கு நீளம், பத்து மடங்கு உயரம்.

“அப்போ பத்து ஸ்பூன் போதும்” என்றாள் ஜெனிட்டா.

ரூபேஷ் எழுந்தான். “பத்தாது மிஸ்.” போர்டில் ஒரு பெரிய கட்டம் போட்டு, உள்ளே ஒரே வரிசையில் பத்துச் சின்னக் கட்டங்கள் வரைந்தான். “இது ஒரு வரிசைதான். இந்த மாதிரி பத்து வரிசை வரும். நூறு ஸ்பூன் வேணும்.”

ஜெனிட்டாவுக்கு முகம் சூடேறியது. பள்ளிக்கூட நாட்களில் தப்பாகச் சொல்லி நின்றபோது ஏறிய அதே சூடு. நாற்பது கண்கள் அவளையே பார்த்தன. போர்டை இன்னொரு முறை பார்த்தாள். அவன் சொன்னது புரிந்தது. புரிந்ததும் சிரிப்பு வந்தது.

“மிஸ் தப்பா சொல்லிட்டேன். ரூபேஷ் சொன்னதுதான் சரி. எங்க, எல்லாருக்கும் புரியிற மாதிரி இன்னொரு வாட்டி சொல்லு.”

அவன் சொன்னான். அவள் மற்றவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து கேட்டாள்.

சனிக்கிழமை காலை, நீலத்தில் தோய்த்த நூலை இரண்டு முனையிலும் பிடித்துச் சுண்டிச் சுவரில் கோடு போட்டார்கள். ஆளுக்கு ஒன்றிரண்டு கட்டம். மகளைக் கூட்டிப்போக வந்த திலீப், மேல் வரிசை எட்டாத பிள்ளைகளுக்காக ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு மதியம் வரை நின்றார். ஆறடிக்கும் மேல் உயரமாக ஆடு சுவரில் எழுந்தது. ஒரு கொம்பு கொஞ்சம் விலகிப்போயிற்று. அப்படியே விட்டுவிட்டார்கள்.

வருஷக் கடைசித் தேர்வில் எல்லாரும் தேறிவிடவில்லை. ஆனால் விடைத்தாளில் ஓரமாகக் கட்டம் போட்டுப் பார்த்திருந்தவர்கள் நிறைய. ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு பாடத்துக்கும் தனி மிஸ். ஜூனில் யாருக்கு எந்த வகுப்பு என்று முடிவு செய்யும் கூட்டத்தில் சரோஜம்மா கேட்டார்: “அஞ்சாவது கணக்கு யார் எடுக்கிறீங்க?”

“நான் எடுக்கிறேன் மேடம்” என்று ஜெனிட்டா கையைத் தூக்கினாள்.